மதியம் வந்துபோன நைனா

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். செஞ்சியில், என் அம்மா வீட்டில், அக்னி நட்சத்திர வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயம்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் மலை என்றுதான் பெயர், ஆனால் எல்லாம் மொட்டைப் பாறை. காலையிலிருந்து காய்ந்து காய்ந்து, மதியத்துக்கு மேல் அந்தச் சூடு முழுவதையும் ஊருக்குள் திருப்பி அனுப்பும். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டால் தெருவில் ஈ, காக்கை இருக்காது. மாடியில் எந்நேரமும் ரகளை செய்கிற குரங்குகள்கூடத் தண்ணீர் டேங்க் நிழலில் சுருண்டுவிடும். அந்த நேரத்தில் பொம்பளைப் பிள்ளைகள் தனியாக நடந்தால் ஏதாவது அடித்துவிடும் என்று சின்ன வயதில் பயமுறுத்துவார்கள். "பேய்க்கு வேற வேலை இல்லையா, இந்த வேகாத வெயில்ல என்னைப் புடிக்க வருது?" என்று திருப்பிக் கேட்கிற ரகம் நான். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். அப்படிப்பட்ட நான் ஒரு மதியம் செருப்புகூடப் போடாமல் அம்மா வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஓடி வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் மாசி மாதத்தில் நைனா இறந்துபோனார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கடைவீதியில் பம்புசெட் சாமான், பைப் விற்கிற கடை வைத்திருந்தார். வல்லம், அனந்தபுரம் பக்கத்து விவசாயிகள்தான் வாடிக்கை. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிவாக்கில் உள் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அன்றைய பில்களை ஏற்றுவார். அம்மா டீயைக் கொண்டுபோய் ஓசைப்படாமல் வைத்துவிட்டு வர வேண்டும். நின்றால் "இன்னா?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. கெட்டவர் இல்லை, ஒரு நாளும் கைநீட்டியதில்லை. ஆனால் வார்த்தையைச் செலவழிக்க மாட்டார்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருமுறை அது தானாக ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டது. மறுநாள் பார்த்தால் பில்லில் இருந்த தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிட்டது. நைனாவுக்கு வந்ததே கோபம்! கணக்கு பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் ஆளை வரவழைத்து, இனிமேல் அப்டேட் கிப்டேட் எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவரும் நிறுத்திக் கொடுத்தார். கூடவே, தங்கள் ஆபீஸில் இருந்தபடியே பில்களைத் திறந்து பார்க்க வசதியாக ஒரு சாஃப்ட்வேர் போட்டார். அதற்கு ஃபயர்வால் குறுக்கே நின்றதாம். இன்டர்நெட் வழியாகக் கண்டவன் உள்ளே நுழையாமல் தடுக்கிற காவல்தான் ஃபயர்வால். அதையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு நைனா அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

நைனா இருந்தவரை இதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. ஏனென்றால் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கரண்ட் பில் விஷயத்தில் அவரைப் போலக் கறாரானவரை நான் பார்த்ததே இல்லை.

அவர் இறந்த அன்று பூமாலை போடுவதற்கு வீட்டில் பெரிய படம் எதுவும் இல்லை. ஒரு கல்யாணத்தில் வாய்விட்டுச் சிரித்தபடி நிற்கும் போட்டோவைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்திருந்தார். யாரோ ஒரு சொந்தக்காரர், "இதையே வெச்சுக்கலாமே" என்று கம்ப்யூட்டரை மேஜையோடு கூடத்துக்கு இழுத்து, அந்தத் திரைக்கே மாலையைப் போட்டுவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் அழுதார்கள். பிறகு ஸ்டுடியோவில் கொடுத்த படம் பிரேம் போட்டு வந்தது. ஸ்டுடியோக்காரர் ஆர்வக்கோளாறில் நைனாவின் நரைத்த தலைக்கு மை அடித்து, முகத்தை வெளுப்பாக்கி, கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார். அம்மா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருடி இது? கலெக்டரா?" என்றாள்.

அந்தப் படம் பீரோவுக்குப் பின்னால் போனது. கம்ப்யூட்டர் மறுபடி உள் அறைக்கு வந்து, சாமி படமாகிவிட்டது. கண்ணாடித் திரையில் நைனாவின் நெற்றி வரும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மேலே மல்லிகைச் சரம். பக்கத்தில் விளக்கு. துபாயில் இருக்கும் என் தம்பியோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக வாங்கிய கேமரா திரையின் தலையில் உட்கார்ந்திருந்தது. பூச்சரம் அதையும் பாதி மறைத்துக்கொண்டு தொங்கியது. கம்ப்யூட்டரை அணைக்கவே விடமாட்டாள். கொஞ்ச நேரத்தில் திரை தானாக இருண்டுவிடும். நைனாவைப் பார்க்க வேண்டும் என்றால் மவுஸை லேசாகத் தொடுவாள், முகம் வந்துவிடும்.

"ராத்திரி பகலா ஓடுதும்மா, கெட்டுப்போயிடும்" என்று ஒருமுறை சொன்னேன். "சாமி விளக்கை அணைன்னு சொல்லுவியா நீ?" என்று எரிந்து விழுந்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

கருமாதி முடிந்தது. தம்பி துபாய்க்குத் திரும்பினான். உறவுக்காரர்கள் கலைந்தார்கள். எனக்குக் கல்யாணமாகிச் சிங்கவரம் ரோட்டில் வீடு. ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் வேலை. சாயங்காலம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். போகும்போதெல்லாம் சோற்றுப் பானை அப்படியே இருக்கும். அரைக் கரண்டிச் சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு நாளை ஓட்டினாள். புடவையைக்கூட மாற்ற மாட்டாள். அதட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் போனபோது, தலை வாரி, சலவைப் புடவை கட்டி, முகம் கழுவிப் பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள். குழம்பு வைத்திருந்தாள், பொரியல் வைத்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"உங்க நைனா வந்தாருடி" என்றாள். பால்காரர் வந்தார் என்பதைப் போலச் சொன்னாள்.

மதியம் மூன்று மணிவாக்கில் அவள் கூடத்தில் படுத்திருந்தாளாம். உள் அறையில் யாரும் தொடாமலே திரை விழித்துக்கொண்டதாம். சந்தனப் பொட்டோடு நைனா சிரித்தாராம். திரையில் இருக்கும் மவுஸ் அம்பு தானாக நகர்ந்ததாம். அதோடு போகவில்லை, நைனாவின் குரலும் கேட்டது என்றாள். இப்போது தினமும் அந்த நேரத்துக்கு வருகிறார் என்றாள். நான் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று எங்கேயோ படித்திருந்தேன். சாப்பிடுகிறாளே, அதுபோதும் என்று இருந்தது.

விஷயம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போய்விட்டது. அந்த அக்கா ஒரு நாள் கற்பூரத் தட்டோடு வந்து கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டி, "என் பொண்ணுக்கு எப்ப நல்லது நடக்கும்னு கேட்டு சொல்லுங்க" என்று அம்மாவிடம் மனு போட்டிருக்கிறார். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அக்கா, இது பம்புசெட் பில் போடுற பெட்டி. குறி கேக்கணும்னா கோயிலுக்குப் போங்க" என்று கத்திவிட்டேன். அந்த அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னிடம் ரெண்டு நாள் பேசவில்லை.

பள்ளிக்கு லீவு விட்டார்கள். ஒரு நாள் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அம்மாவுக்குப் பிடிக்குமே என்று எடுத்துக்கொண்டு மதியமே போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மா தோட்டத்துப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. உள் அறை ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று நான் அங்கே போய் உட்கார்ந்தேன். திரை இருட்டாக இருந்தது. நான் எதையும் தொடவில்லை, இதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

திரை வெளிச்சமானது. நைனா சிரித்தார்.

 மேஜை ஆடியிருக்கும், மவுஸ் அசைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மவுஸ் அதன் இடத்தில் அசையாமல் இருந்தது. ஆனால் திரையில் அம்பு நகர்ந்தது. சும்மா ஆடவில்லை. போனது, நின்றது, யோசித்தது, ஒரு ஃபைலைத் திறந்தது, உள்ளே பார்த்தது, மூடியது. கண்ணாடியைத் தொலைத்துவிட்டு அலமாரியில் தேடுகிற மனிதரின் நிதானம் அதில் இருந்தது. நைனாவின் போனில் இருந்ததையெல்லாம் தம்பி இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். அம்பு அந்த இடத்துக்குப் போனது.

"நான்தான் பேசறேன். வீட்டுலதான் இருக்கேன். வா."

நைனாவின் குரல். அவரே. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும் அதே குரல், அந்தச் சின்ன அறையில், பட்டப்பகலில். ஏதோ வாடிக்கைக்காரருக்கு எப்போதோ அனுப்பிய குரல் பதிவு அது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது அந்த அறிவெல்லாம் எங்கே வேலை செய்தது! நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் பூச்சரத்துக்கு நடுவே ஒரு சின்னப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தேன். கேமராவின் விளக்கு. அது எரிந்துகொண்டிருந்தது.

நான் எழுந்த அதே நொடியில் அம்பு நின்றுவிட்டது.

பிறகு வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. தம்பி அம்மாவுக்குப் போனில் அடித்து அனுப்புவானே, அதுபோல ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தை ஒன்று, ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

யாரு?

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கொஞ்சமும் பதறாமல் திரையைப் பார்த்தே, "நம்ம பொண்ணுதாங்க. குழம்பு எடுத்தாந்திருக்கா" என்றாள். பேசியது கேட்டதுபோல அடுத்த வரி வந்தது.

வாம்மா. உட்காரு.

நான் உட்காரவில்லை. செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி வந்தது அப்போதுதான். தார் ரோடு காலைச் சுட்டதுகூட வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அன்று இரவு முழுக்க விழித்திருந்தேன். கணவரிடம் சொன்னேன், சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் என் கல்லூரித் தோழி நினைவுக்கு வந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு வேலை. போன் மேல் போன் போட்டேன். மதியம் இரண்டே முக்காலுக்கு, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எடுத்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவே இல்லை.

"கேமரா லைட் எரிஞ்சுதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

எரிந்தது என்றேன்.

"ஏண்டி, செத்துப்போனவருக்கு உன்னப் பாக்கக் கேமரா எதுக்கு? உள்ள ஒரு ஆளு இருக்கான்."

 அதுவரைக்கும் நைனாவின் ஆவியோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவள், ஆவியாகவே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். நைனாவின் ஆவி என்றால் என்ன செய்துவிடப்போகிறது? இவன் யார்? எங்கே உட்கார்ந்திருக்கிறான்? என் அம்மா குனிந்து நிமிர்வதை, புடவையைச் சரிசெய்வதை, அழுவதை எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? அவன் ஏன் மதியத்தில் வருகிறான் என்று கேட்டேன். "அவனுக்கு அது ஆபீஸ் நேரமா இருக்கும். வீடு வீடாப் போயிட்டு உங்க வீட்டுக்கு மூணு மணிக்கு வரான்" என்றாள். பிறகு அவசரமாக, நைனாவின் போன் யாரிடம் இருக்கிறது, பேங்க் கணக்கை மூடியாகிவிட்டதா என்று கேட்டாள். கணக்கு மூடவில்லை. நைனாவின் போன் அம்மாவிடம்தான், அதே நம்பரோடு.

"போடி. ஓடு. மொதல்ல நெட் வயரப் புடுங்கு. அந்தப் போனுக்குப் பேங்க்ல இருந்து வர நம்பர அம்மா படிச்சு சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது."

அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். கடைவீதியில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. அனல் முகத்தில் அடித்தது. கோட்டைப் பாறைகள் வெயிலில் ஆடுவதுபோலத் தெரிந்தன. வாய்விட்டு நைனாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போனேன். நைனா, அம்மாவைப் பார்த்துக்கோ நைனா, என்று. அவர் பேரிலேயே ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவரைக் கூப்பிடுகிறோமே என்று பாதி வழியில்தான் உறைத்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவின் குரல் கேட்டது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நைனாவின் போனைக் கண்ணருகே பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தாள். திரையில் நைனா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சுக்கு மேலே வெள்ளைப் பக்கம். பூவுக்கு நடுவே பச்சை விளக்கு.

"ரெண்டு... ஏழு..."

கத்தினேனா என்று நினைவில்லை. சுவரில் இருந்த இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்தேன், ஆணியோடு கையில் வந்துவிட்டது. அம்பு பாதி வழியில் அப்படியே நின்றது. வெள்ளைப் பக்கத்தில் 'சொல்லு' என்ற வார்த்தைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அம்மா எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். எனக்குக் கல்யாணமான பிறகு அவள் அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"அனுப்பிட்டியேடி! பாவி! அனுப்பிட்டியேடி!"

அவள் தரையில் உட்கார்ந்து அழுத அழுகை நைனா இறந்த அன்றுகூட அழாத அழுகை. நான் அவளைக் கட்டிக்கொண்டே, ஒரு கையால் பேங்குக்குப் போன் செய்து கணக்கை நிறுத்தச் சொன்னேன். எதுவும் போகவில்லை, தப்பித்தோம். அந்தக் கணக்கில் இருந்த பணம்தான் அம்மாவின் மிச்ச வாழ்க்கைக்கு இருந்த ஒரே ஆதாரம். ஆனால் அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. அது நைனா இல்லை, எவனோ திருடன் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். 

ஞாயிற்றுக்கிழமை தோழி சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். நைனாவின் போட்டோக்களையும் குரல்களையும் முதலில் தனியாக எடுத்து, சோதித்துப் பத்திரப்படுத்தினாள். அந்த ஆள் உள்ளே எதை ஒளித்துவைத்திருக்கிறான் என்று தெரியாது, அதனால் மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றாள். ஆடிட்டர் ஆபீஸ் சாஃப்ட்வேர் போனது. ஃபயர்வாலைப் போட்டாள். வருடக்கணக்கில் தடுத்து வைத்திருந்த அப்டேட்டெல்லாம் வரிசையாக இறங்கின. எந்த வீட்டில் பூட்டு ஓட்டையாக இருக்கிறது என்று ஊர் ஊராகத் தட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பூட்டு செய்தவர்கள் ஓட்டையை அடைத்து அனுப்புவதுதான் இந்த அப்டேட் என்று எனக்குப் புரியும்படிச் சொன்னாள். தமிழ் எழுத்து கட்டமாக மாறியதையும் சரிசெய்தாள். அதற்கு அதிக நேரமே ஆகவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

திரை நெடுநேரம் கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. காய்ந்துபோன சந்தனப் பொட்டு மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோழி போன் பேசத் தோட்டத்துப் பக்கம் போனாள். அம்மா அந்தக் கறுப்புத் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மனது கேட்காமல், நைனா போட்டோ பத்திரமாக இருக்கிறது, இதோ வந்துவிடும் என்று சமாதானம் சொன்னேன்.

அம்மா என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அது உங்க நைனா இல்லன்னு எனக்குத் தெரியாதாடி?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மொத ரெண்டு நாளு அவருதான்னு நெனச்சேன். அப்புறம் ஒருநாள் சாப்டியான்னு கேட்டுது. உங்க நைனா என்னைக்குடி என்னப் பாத்து சாப்டியான்னு கேட்டாரு? அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது வேற யாரோன்னு."

"தெரிஞ்சுமா பேசினே?"

"தினமும் கேட்டுச்சுடி. இன்னா கொழம்புன்னு கேட்டுது. முட்டிவலி எப்படி இருக்குதுன்னு கேட்டுது. பொய் சொல்ல வேணாமேன்னுதான் வடிச்சு வெச்சு சாப்டேன்."

"அப்ப எதுக்கும்மா அந்த நம்பரப் படிச்ச? திருடன்னு தோணலையா?"

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். அவசரமே படாமல் துடைத்தாள்.

"தோணிச்சு. சொல்லலன்னா மறுநாள் வராமப் பூடுவானேன்னு இருந்துது."

 மூன்று மாதமாக யாருமே இல்லாத வீட்டில், மதிய நேரத்தில், எவன் என்றே தெரியாத ஒருவனை உட்காரவைத்து அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் சாயங்காலம் எட்டிப் பார்த்து, பானையைத் திறந்து பார்த்து, அதட்டிவிட்டு வந்துகொண்டிருந்தோம்.  அவள் மடியில் தலையை வைத்து நான்தான் அழுதேன்.

திரையில் நைனா திரும்பி வந்தார். அதே சிரிப்பு. அம்மா ஒருமுறை பார்த்தாள், எழுந்தாள், சுவரில் இருந்த சுவிட்சைத் தானே அணைத்தாள். "போதும். இனிமே வேணும்னா போட்டுக்கலாம்" என்றாள். பீரோவுக்குப் பின்னாலிருந்த கோட்டுப் படத்தை வேண்டாம் என்று சொல்லி, சிரிக்கிற போட்டோவையே பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டச் சொன்னாள்.

அந்த மாதமே சிங்கவரம் ரோட்டு வீட்டைக் காலிசெய்துவிட்டு நாங்கள் அம்மாவோடு வந்துவிட்டோம். கணவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு அம்மாவின் கைச்சமையலில் சரியாகிவிட்டார். அப்டேட் வந்தால் நானே போட்டுவிடுகிறேன், தள்ளிப் போடுவதில்லை. கேமராவை அட்டை வைத்து மூடியிருக்கிறேன். இப்போதெல்லாம் நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், கேஸ் அணைத்தாயா என்று கேட்கிற மாதிரி, "அந்த ஃபயர்வால் போட்டிருக்குதா பாத்தியா?" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

போன கோடையில் ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தோம். தெருவில் சத்தமே இல்லை. அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே, "அவன் இப்ப யாரு வீட்ல பேசிட்டு இருக்கானோ" என்றாள்.

 பிள்ளைகளெல்லாம் வேலைக்குப் போய்விட்ட ஏதோ ஒரு வீட்டில், இந்த நேரத்தில், ஒரு திரை தானாக வெளிச்சமாவதையும் அதன் முன்னால் ஓர் அம்மா தலை வாரிக்கொண்டு வந்து உட்காருவதையும் நினைத்தால், பேய் என்று நம்பி ரோட்டுக்கு ஓடிய அன்றைக்குக்கூட எனக்கு இத்தனை பயம் வந்ததில்லை.